சேர்ந்து வேலை செய்வதற்கும் ஒரு நிரல்மொழி

போன வருடம் நாங்கள் 6 பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் கையேட்டைத் தமிழாக்கினோம். மொத்தம் 40 பக்கம். எல்லோரும் திறக்கக்கூடிய ஓர் இணைய அட்டவணை வைத்துக்கொண்டோம். பக்கத்துக்கு ஒரு வரிசை, யார் எடுக்கிறார்களோ அவர் தன் பெயரை அதில் எழுதிவிட வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு.

மூன்றாம் நாளே 17ஆம் பக்கத்தை இரண்டு பேர் முழுதாக மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். வரிசை காலியாக இருந்ததை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் எழுதிய பெயரின் மேல் மற்றவர் பெயர் ஏறிவிட்டது. 22ஆம் பக்கத்தில் வேறு சிக்கல். அதை மொழிபெயர்த்தவரே மறந்துபோய்ச் சரிபார்க்கவும் செய்திருந்தார். கடைசி வாரத்தில் 31ஆம் பக்கம் நின்றுபோனது. எடுத்தவர் ஊருக்குப் போய்விட்டார். அவர் பெயர் அங்கே இருந்ததால் வேறு யாரும் தொடவில்லை.

மூன்று பக்கத்திலும் மொழிபெயர்ப்பு நன்றாகவே இருந்தது. பிசகியதெல்லாம் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில்தான். இதற்கு ஒரு வழி தேடப்போய்த்தான் ஒருங்கிணைப்பு மொழிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நாற்பது வருடமாக வளர்ந்த ஒரு துறை இது. புதிதாக நிரல் எழுத வருகிறவர்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அந்த மூன்று பக்கங்களையே வைத்துக்கொண்டு விளக்கப் பார்க்கிறேன்.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் எந்த மென்பொருளையும் பிரித்துப் பாருங்கள், உள்ளே இரண்டு வகை வேலை இருக்கும். உரையைச் சேமிப்பது, கோடு வரைவது, கூட்டல் கழித்தல், பிழைதிருத்தம் எல்லாம் ஒரு வகை. இதைக் கணிப்பு என்று வைத்துக்கொள்வோம். யார் எதைத் தொடலாம், யாருக்குப் பிறகு யார், எது முடிந்தால் எது தொடங்கும், ஒருவர் பாதியில் போனால் என்ன ஆகும் என்பவை இன்னொரு வகை. இதுதான் ஒருங்கிணைப்பு.

சாதாரணமாக நிரல் எழுதும்போது இந்த இரண்டாவது வகைக்குத் தனி இடம் கொடுப்பதில்லை. ‘ஆசிரியர் என்றால் மட்டும் இந்தப் பொத்தானைக் காட்டு’, ‘நிலை இன்னது என்றால் சேமிக்க விடாதே’ என்று நிபந்தனைகளாக நிரல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். குழுவினர் வந்து, ‘இனிமேல் இரண்டு பேர் சரிபார்க்கட்டும்’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அந்த ஒரு வரிக்காக இருபது கோப்புகளைத் திறக்க வேண்டியிருக்கும். ஒருங்கிணைப்பு விதிகளை மட்டும் தனியாக எழுத ஒரு மொழி இருந்தால் என்ன? கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

இந்தத் துறையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் லிண்டா என்ற ஒருங்கிணைப்பு மொழி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டேவிட் கெலெர்ன்டர், நிக்கோலஸ் கரியேரோ ஆகியோரின் கையில் வளர்ந்தது. கெலெர்ன்டர் 1985இல் இதை விரிவாக விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவர்கள் மனதில் இருந்தது மனிதக் குழு அல்ல. பல கணினிகள் ஒரே கணக்கைப் பங்கிட்டுச் செய்வது எப்படி என்பதுதான். ஆனாலும் அவர்கள் கண்டுபிடித்த வழி மனிதர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. அது ஓட்டல் சமையலறையில் நாம் பார்க்கிற வழி.

சப்ளையர் ஆர்டர் சீட்டைக் கொண்டுவந்து கம்பியில் குத்திவிட்டுப் போகிறார். எந்த மாஸ்டர் செய்வார் என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. தோசை மாஸ்டர் தோசைச் சீட்டை மட்டும் பார்த்து எடுக்கிறார், பரோட்டா மாஸ்டர் பரோட்டாச் சீட்டை எடுக்கிறார். தோசைக்கல்லில் இரண்டு பேர் நின்றால், யார் கை காலியோ அவர் எடுப்பார். எடுத்த சீட்டு கம்பியில் இருக்காது, அதனால் அதே தோசையை இன்னொருவர் ஊற்ற மாட்டார். சீட்டே இல்லையென்றால் மாஸ்டர் காத்திருப்பார். சப்ளையர் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருந்தாலும் அவர் குத்திய சீட்டு அங்கேயே இருக்கும்.

லிண்டாவில் அந்தக் கம்பிக்கு டியூப்பிள் வெளி என்று பெயர், சீட்டுக்கு டியூப்பிள் என்று பெயர். டியூப்பிள் என்றால் வரிசையாக வைத்த சில மதிப்புகள், அவ்வளவுதான். இந்த வெளியில் செய்யக்கூடிய அடிப்படைச் செயல்கள் நான்கே நான்கு. அவுட் என்றால் சீட்டைப் போடுவது. இன் என்றால் பொருந்துகிற சீட்டை எடுத்துக்கொள்வது, இல்லையென்றால் வரும்வரை காத்திருப்பது. ஆர்டி என்றால் எடுக்காமல் பார்த்து மட்டும் கொள்வது. இவால் என்றால் ஒரு புதிய கணிப்பையே அந்த வெளிக்குள் ஓடவிடுவது, அது முடிந்ததும் அதன் விடை சாதாரணச் சீட்டாகிவிடும். அவுட் என்றால் போடுவது, இன் என்றால் எடுப்பது என்பது முதலில் படிக்கும்போது தலைகீழாகத் தோன்றும். நிரலின் இடத்தில் நின்று பார்த்தால் சரியாகிவிடும். என்னிடமிருந்து போவது அவுட், என்னிடம் வருவது இன்.

தமிழிலேயே எழுதிப் பார்ப்போம். அவுட்டைப் ‘போடு’ என்றும், இன்னை ‘எடு’ என்றும், ஆர்டியைப் ‘பார்’ என்றும் வைத்துக்கொள்கிறேன். கையேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சீட்டு:

போடு("பக்கம்", 17, "மொழிபெயர்க்க")

மொழிபெயர்ப்பவரின் கணினியில் ஓடும் நிரல் இதையே திரும்பத் திரும்பச் செய்யும்:

எடு("பக்கம்", ?எண், "மொழிபெயர்க்க")
மொழிபெயர்(எண்)
போடு("பக்கம்", எண், "சரிபார்க்க")

?எண் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ‘இந்த இடத்தில் எந்த எண் இருந்தாலும் பரவாயில்லை, இருப்பதை என்னிடம் கொடு’ என்று அதற்குப் பொருள். மற்ற இரண்டு இடங்களிலும் நாம் கொடுத்த மதிப்பு அப்படியே பொருந்த வேண்டும். தோசை மாஸ்டர் தோசைச் சீட்டை மட்டும் எடுப்பது மாதிரிதான். பல சீட்டுகள் பொருந்தினால் ஏதோ ஒன்று கிடைக்கும், எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

17ஆம் பக்கத்தில் எங்களுக்கு வந்த சிக்கல் இங்கே வரவே முடியாது. அட்டவணையில் பார்ப்பது ஒரு செயல், பெயர் எழுதுவது இன்னொரு செயல். நடுவே இருந்த அந்தச் சில நொடிகளில்தான் இரண்டு பேர் நுழைந்துவிட்டார்கள். ‘எடு’ என்பதில் பார்ப்பதும் எடுப்பதும் ஒரே செயல். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் ஒருவருக்குத்தான் அந்தச் சீட்டு.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு சின்ன உத்தி. எத்தனை பக்கம் மீதி என்று எண்ண வேண்டும். முதலில் ஒரே ஒரு சீட்டு போடுகிறோம்: போடு("மீதி", 40). ஒரு பக்கம் முழுதாக முடிந்ததும் இந்த இரண்டு வரிகள்:

எடு("மீதி", ?ந)
போடு("மீதி", ந - 1)

நான் அந்தச் சீட்டை எடுத்துக் குறைத்துப் போடும்வரை வெளியில் அந்தச் சீட்டே இல்லை. அந்த நேரத்தில் வேறு யார் கேட்டாலும் காத்திருந்துதான் ஆக வேண்டும். பூட்டு, சாவி என்று தனியாக எதையும் எழுதாமலே எண்ணிக்கை தவறாமல் இருக்கிறது. கடைசியில் எல்லாவற்றையும் தொகுத்து வெளியிடும் நிரல் இருக்கிறதே, அதற்குக் காத்திருக்கும் வேலை ஒரே வரியில் முடிகிறது: பார்("மீதி", 0). மீதி பூஜ்யம் ஆகும்வரை அது அந்த வரியிலேயே நிற்கும். ‘முடிந்ததா, முடிந்ததா’ என்று யாரையும் கேட்க வேண்டாம்.

கவனித்தீர்களானால், இந்தச் செயல்கள் எந்த மொழிக்கும் சொந்தமானவை அல்ல. சி மொழியோடு சேர்த்தால் சி-லிண்டா, ஃபோர்ட்ரானோடு சேர்த்தால் ஃபோர்ட்ரான்-லிண்டா. இரண்டுமே உண்மையில் இருந்தவை. கெலெர்ன்டரும் கரியேரோவும் 1992இல் எழுதிய கட்டுரையில் வற்புறுத்தியதும் இதைத்தான். ஒரு முழு நிரலாக்கத்துக்குக் கணிப்புக்கு ஒரு மாதிரி வேண்டும், ஒருங்கிணைப்புக்கு ஒரு மாதிரி வேண்டும், இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள்.

சரி, இப்போது 22ஆம் பக்கத்துக்கு வருவோம். மொழிபெயர்த்தவரே சரிபார்க்கக் கூடாது. சீட்டில் மொழிபெயர்த்தவர் பெயரையும் சேர்த்துவிடலாம்:

போடு("பக்கம்", 22, "சரிபார்க்க", "மாலா")

ஆனால் மாலா சரிபார்க்க வரும்போது என்ன கேட்பார்? ‘மாலா என்று இருக்கும் சீட்டைக் கொடு’ என்று கேட்கலாம். ‘யார் பெயர் இருந்தாலும் கொடு’ என்றும் கேட்கலாம். ‘மாலா அல்லாத யார் பெயர் இருந்தாலும் கொடு’ என்று கேட்க லிண்டாவில் வழி இல்லை. பொருந்த வேண்டும் என்று சொல்ல முடியும், பொருந்தக் கூடாது என்று சொல்ல முடியாது. ஆகவே எடுத்துப் பார்த்து, தன் பெயராக இருந்தால் திரும்பப் போடும்படி மாலாவின் நிரலுக்குள் நிபந்தனை எழுத வேண்டும். விதி மறுபடி கணிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. எதைத் தவிர்க்க நினைத்தோமோ அங்கேயே வந்து நிற்கிறோம்.

மனிதக் குழுக்களுக்கான மென்பொருளை ஆராய்ந்தவர்களும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தவை வேறு சொற்கள்: பங்கேற்பவர், அவர் வகிக்கும் பொறுப்பு, பகிரப்படும் பொருள், அமர்வு, பேச்சுமுறை. 1996இல் மௌரிசியோ கோர்டேஸ், பிரதீக் மிஸ்ரா ஆகியோர் டிசிடபிள்யூபிஎல் என்ற மொழியை முன்வைத்தார்கள். கூட்டுப்பணியை விவரிக்கும் நிரல்மொழி என்பது அதன் பெயரின் சுருக்கம். அதில் ஒரு கூட்டுப்பணி மென்பொருளை இரண்டு நிரல்களாக எழுதுவார்கள். வழக்கமான மொழியில் கணிப்பு நிரல், டிசிடபிள்யூபிஎல்லில் ஒருங்கிணைப்பு நிரல். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருங்கிணைப்பு நிரல் வாசிக்கப்படுகிறது என்பதால், மென்பொருளை மறுபடி தொகுக்காமல் (கம்பைல் செய்யாமல்) விதியை மட்டும் மாற்ற முடியும். இரண்டு வருடம் கழித்து, 1998இல், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் டூ லீ, ரிச்சர்ட் மன்ட்ஸ் ஆகியோர் செய்த கோகா என்ற அமைப்பு இதே பாதையில் வந்தது. அங்கே விதிகள் தர்க்க வாக்கியங்களாக, பொறுப்பு வாரியாக எழுதப்பட்டன.

இவற்றின் உண்மையான இலக்கணத்தை நான் இங்கே காட்டப்போவதில்லை. அந்த மனப்போக்கு புரிய, எங்கள் விதிகளை என் சொந்த நடையில் எழுதினால் இப்படி இருக்கும்:

பொறுப்பு சரிபார்ப்பவர்:
  எடுக்கலாம் பக்கம், நிலை = "சரிபார்க்க" ஆகவும்
  மொழிபெயர்த்தவர் ≠ தான் ஆகவும் இருந்தால்

மொழிபெயர்ப்புத் திரை எப்படி வரையப்படுகிறது, உரை எங்கே சேமிக்கப்படுகிறது என்று இந்த வரிகளுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். நிரல் எழுதத் தெரியாத ஒருவர்கூட இதைப் படித்து, ‘ஆமாம், இதுதான் நம் விதி’ என்றோ ‘இல்லையே’ என்றோ சொல்ல முடியும். நான் இதைப் பெரிய லாபமாக நினைக்கிறேன். ஒரு குழுவின் விதி அந்தக் குழுவின் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஓடும்போதே விதியை மாற்றுவது எதற்கு என்று தோன்றலாம். எல்லோரும் வரையக்கூடிய ஒரு பொதுக் கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பாடம் நடக்கும்போது ஆசிரியர் மட்டும் எழுத வேண்டும். பிறகு கேள்வி நேரம், கை தூக்கியவர்கள் வரிசைப்படி ஒருவர் பின் ஒருவராக எழுதலாம். அப்புறம் குழு விவாதம், எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம். அரை மணி நேரத்தில் மூன்று விதிகள் வந்துவிட்டன. கோடு வரையும் நிரல் மூன்றிலும் ஒன்றேதான். விதியை நிரலுக்குள் புதைத்திருந்தால் ஒன்று, மூன்று மென்பொருள் வேண்டும், இல்லாவிட்டால் எல்லாச் சூழலையும் முன்கூட்டியே யோசித்து நிபந்தனைகளை அடுக்க வேண்டும்.

விதியை மாற்ற முடியாதபோது என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1980களில் ஃபெர்னாண்டோ ஃப்ளோரஸ், டெரி வினோகிராட் ஆகியோரின் சிந்தனையிலிருந்து கோஆர்டினேட்டர் என்ற மென்பொருள் வந்தது. அதில் சக ஊழியருக்குச் செய்தி அனுப்பும்போது அது கோரிக்கையா, வாக்குறுதியா என்று வகை குறிக்க வேண்டும். யார் எதற்குக் கடமைப்பட்டிருக்கிறார் என்று மென்பொருளே கணக்கு வைத்துக்கொள்ளும். நல்ல நோக்கம்தான். ஆனால் மனிதர்கள் பேசுவது அப்படி வகைக்குள் அடங்குவதில்லை. ‘முடிஞ்சா பாக்குறேன்’ என்பது வாக்குறுதியா இல்லையா? லூசி சுக்மன் என்ற மானுடவியலாளர் 1994இல் இந்த அணுகுமுறையைக் கடுமையாக விமர்சித்தார். வகைகளை முன்கூட்டியே திணிப்பது வேலை செய்பவர்களை ஒழுங்குக்குள் கொண்டுவரும் கருவியாகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒருங்கிணைப்பு மொழி படிக்கிற எவரும் இந்த விவாதத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பேன். எழுத முடிகிற எல்லா விதியையும் எழுதிவிடக் கூடாது.

இந்த எச்சரிக்கையை வேறு விதமாகச் சொன்னவர்களும் உண்டு. கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ், கெயில் ரெய்ன் மூவரும் 1991இல் எழுதும்போது, கருவி விதிக்கும் முறை ஒன்று, குழு தனக்குள் வைத்துக்கொள்ளும் முறை ஒன்று என்று பிரித்துக் காட்டினார்கள். டெக்சஸின் ஆஸ்டினில் அவர்கள் உருவாக்கிய குரோவ் என்ற கூட்டு எழுத்துக் கருவியில் பூட்டே கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யலாம். முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மனிதர்கள் பொறுப்பு. எழுத்துகள் எல்லோர் திரையிலும் ஒரே மாதிரி வந்து சேர்வதற்கு மட்டும் எல்லிஸும் கிப்ஸும் 1989இல் ஒரு கணித வழி தந்தார்கள். ஒரே வரியில் பலர் தட்டச்சு செய்யும் இன்றைய கருவிகள் பல அந்த வழியின் வாரிசுகள். அது வேறு துறை. எழுத்துக்கு எழுத்து பிரதிகளைப் பொருத்துவதற்கு ஒருங்கிணைப்பு மொழியைத் தேடிப் போகாதீர்கள்.

லிண்டாவிலும் விதி பாதி நிரலுக்குள்தானே இருக்கிறது, ‘எடு’, ‘போடு’ எல்லாம் நடுநடுவே எழுத வேண்டியிருக்கிறதே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அதற்கு விடையாக வந்ததுதான் ரீயோ என்ற ஒருங்கிணைப்பு மொழி. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் ஃபர்ஹாத் அர்பாப் உருவாக்கியது, 2004இல் விரிவாக வெளியானது. அதில் ஒவ்வொரு நிரலும் தன் வாசலில் வருவதை வாங்கும், முடித்ததை வாசலில் வைக்கும், அவ்வளவுதான். வெளியே குழாய் இணைப்பது போல வாய்க்கால்களை இணைத்து ஒருங்கிணைப்பைக் கட்டுகிறோம். ஒன்றைத் தேக்கி வைத்துப் பிறகு விடும் வாய்க்கால், இரு முனையும் தயாரானால்தான் கடத்தும் வாய்க்கால், வாங்க ஆள் இல்லையென்றால் தவறவிட்டுவிடும் வாய்க்கால் என்று பல வகை. உள்ளே இருக்கும் நிரலுக்குத் தான் ஒரு குழுவில் இருப்பதே தெரியாது. படம் வரைந்து யோசிக்கிறவர்களுக்கு ரீயோ சுலபமாகப் பிடிபடும்.

31ஆம் பக்கம் பாக்கி இருக்கிறது. எடுத்தவர் ஊருக்குப் போய்விட்டார். லிண்டாவில் இது இன்னும் மோசம். எடுத்த சீட்டு வெளியில் இல்லை, எடுத்தவரும் இல்லை, அந்தப் பக்கம் அடியோடு காணாமல் போகும். மீதி 1 என்றே நிற்க, வெளியிடும் நிரல் என்றென்றும் காத்திருக்கும். கணினிக்கும் இதே கதிதான், சீட்டை எடுத்த பிறகு மின்சாரம் போனால் போதும். ஜாவா மொழியை உருவாக்கிய சன் நிறுவனம் 1990களின் இறுதியில் லிண்டாவைப் பின்பற்றி, ஜாவா நிரல்களுக்கான ஜாவாஸ்பேசஸ் என்ற சீட்டு வெளியைச் செய்தபோது இதற்கு இரண்டு ஏற்பாடு சேர்த்தார்கள். ஒன்று பரிவர்த்தனை. எடுப்பதும் திரும்பப் போடுவதும் ஒரே கட்டு, பாதியில் நின்றால் எடுத்தது எடுக்காதது போல ஆகிவிடும். இன்னொன்று குத்தகை. எதையும் நிரந்தரமாகக் கொடுக்காமல் காலம் வைத்துக் கொடுப்பது, காலம் முடியுமுன் புதுப்பிக்காவிட்டால் உரிமை போய்விடும்.

மனிதக் குழுவுக்குக் குத்தகைதான் பொருத்தம். பரிவர்த்தனை மில்லி நொடிக் கணக்கில் முடிகிற வேலைக்கு நல்லது. ஒருவர் நான்கு நாள் எடுத்து ஒரு பக்கம் மொழிபெயர்க்கும்போது அவ்வளவு நேரம் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க முடியாது. குத்தகை நீளம் எவ்வளவு என்பதைக் குழுதான் பேசி முடிவு செய்ய வேண்டும். மூன்று நாள் என்றால் மெதுவாக, கவனமாகச் செய்கிறவர் கையிலிருந்து பறிப்பதாகிவிடும். மூன்று வாரம் என்றால் வைத்தும் பயனில்லை.

இதையெல்லாம் செய்து பார்க்கப் புது மொழி எதையும் நிறுவ வேண்டியதில்லை. உங்களுக்குப் பைதான் தெரிந்தால், ஒரு பட்டியலும் ஒரு பூட்டும் வைத்து போடு, எடு, பார் மூன்றையும் ஒரு மாலையில் எழுதிவிடலாம். எழுதிப் பாருங்கள், ‘காத்திரு’ என்ற பகுதியில்தான் உண்மையான பாடம் இருக்கிறது. நிஜமான குழுவுக்கு வேண்டுமென்றால் ஒரு தரவுத்தளமே கம்பியாக இருக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 9.5 பதிப்பிலிருந்து, வேறொருவர் பூட்டிய வரிசைகளைத் தாண்டி அடுத்த காலி வரிசையை எடுக்கும் வசதி இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரே பக்கம் கிடைக்காமல் இருக்க அது போதும். ரெடிஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் பட்டியல் காலியாக இருந்தால் காத்திருந்து எடுக்கும் கட்டளை உண்டு, அது லிண்டாவின் இன்னுக்கு நெருங்கிய உறவு.

அடுத்த கையேட்டுக்கு நாங்கள் தரவுத்தளத்தில் ஒரு சீட்டுப் பலகை செய்துகொண்டோம். விதிகளை மட்டும் ஒரு தனிக் கோப்பில், எல்லோரும் திறந்து படிக்கிற இடத்தில் வைத்தோம். மொத்தம் 7 வரி. குத்தகையை முதலில் 5 நாள் என்று எழுதியிருந்தோம். இரண்டாம் வாரத்தில் ஒருவர் வீட்டில் கல்யாணம் வந்தது. 5 என்று இருந்ததை 12 ஆக மாற்றினோம், வேறு எந்தக் கோப்பையும் தொடவில்லை.